பென்ஸ் காருக்குக் காஸ் பூட்டலாமா? கணக்குப் பார்த்த பின் கராஜுக்குப் போங்கள்

பெற்றோல் விலை ஏறுகின்ற ஒவ்வொரு முறையும் நமது வியாபாரிகள் மத்தியில் ஒரு பேச்சு எழும். "காருக்குக் காஸ் பூட்டினால் செலவு பாதியாகிவிடுமாமே, உண்மையா?" என்று கேட்பார்கள். சிறிய கார் வைத்திருப்பவர்களை விட, பழைய பென்ஸ், பி.எம்.டபிள்யூ, க்ரவுண், லெக்ஸஸ் போன்ற பெரிய கார்களை வைத்திருப்பவர்களே இதைக் கூடுதலாகக் கேட்கின்றனர். காரணம் வெளிப்படையானது. அந்தக் கார்கள் குடிக்கின்ற பெற்றோல் அப்படி. கொழும்பு வாகன நெரிசலில் ஒரு லீற்றருக்கு ஆறு, ஏழு கிலோமீற்றர் ஓடினாலே பெரிய விடயம். காரை விற்கவும் மனமில்லை, ஓட்டவும் வசதியில்லை என்ற நிலையில்தான் காஸ் பக்கம் பார்வை திரும்புகிறது.

இது இலாபமான வேலையா, நட்டமான வேலையா என்பதை ஒரு வியாபாரியின் கண்கொண்டு பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எந்தப் பண்டத்தையும் கொள்முதல் செய்யும் முன் விலை, செலவு, திருப்பி விற்கும் பெறுமதி ஆகிய மூன்றையும் பார்க்கின்ற நாம், வாகன விடயத்தில் மட்டும் மெக்கானிக்கின் வாய்ச்சொல்லை நம்பிவிடுகிறோம். இந்த விடயத்தில் பணம் மட்டுமல்லாமல் காரில் ஏறுகின்ற மனைவி மக்களின் உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது.

இது புதிய வித்தையல்ல

இத்தாலியில் காருக்குக் காஸ் பூட்டும் உபகரணங்களைத் தயாரிக்கும் லண்டி ரென்ஸோ கம்பனி 1954ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. ஜப்பானில் டக்சிகள் பல தசாப்தங்களாக எல்.பி. காஸில்தான் ஓடுகின்றன. துருக்கியில் 40 இலட்சத்திற்கும் அதிகமான கார்கள் காஸில் ஓடுகின்றன. ஹொங்கொங் அரசாங்கம் 2000ஆம் ஆண்டில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. டீசல் டக்சியைக் கைவிட்டு காஸ் டக்சி வாங்குபவருக்கு 40,000 ஹொங்கொங் டொலர் மானியம் கொடுத்தது. 2003ஆம் ஆண்டின் இறுதிக்குள் அங்குள்ள சுமார் 18,000 டக்சிகளில் ஏறக்குறைய எல்லாமே காஸுக்கு மாறிவிட்டன.

நமது நாட்டிலும் இது 1990களிலேயே வந்துவிட்டது. இன்று வீட்டுக்கு வீடு அறியப்பட்ட லாஃப்ஸ் நிறுவனம் 1995இல் வாகனங்களைக் காஸுக்கு மாற்றும் தொழிலாகத்தான் ஆரம்பமானது. அதே ஆண்டில்தான் கொழும்பு காஸ் கம்பனி ஷெல் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2010இல் அரசாங்கம் அதைத் திரும்ப வாங்கி லிட்ரோ என்று பெயரிட்டது. பின்னர் ஹைபிரிட் கார்கள் வந்து குவிந்தபோது காஸ் மோகம் குறைந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. இந்த ஐந்து வருடங்களில் பழைய கார்களுக்கு மவுசு கூடியது. வீட்டில் மூடிக் கிடந்த பென்ஸ்களும் துடைத்து எடுக்கப்பட்டன. அவற்றோடு காஸ் பேச்சும் திரும்பி வந்துவிட்டது.

எப்படி வேலை செய்கிறது?

தாங்கியில் அழுத்தத்தினால் காஸ் திரவமாக இருக்கும். அத்திரவம் குழாய் வழியாக எஞ்சின் பக்கம் வந்து, ஆவியாக்கும் கருவி ஒன்றினுள் நுழைகிறது. திரவம் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சும். அந்தச் சூட்டைக் கொடுப்பதற்காக ரேடியேட்டர் தண்ணீர்க் குழாயை அக்கருவியுடன் இணைத்திருப்பார்கள். ஆகவே கார் காலையில் பெற்றோலில்தான் ஸ்டார்ட் ஆகும். தண்ணீர் ஓரளவு சூடான பின்னர் தானாகவே காஸுக்கு மாறும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைவான கார், அடிக்கடி சூடேறுகின்ற கார் என்றால் முதலில் அந்த நோயைத் தீர்க்க வேண்டும். அதன் பின்னரே காஸைப் பற்றி யோசிக்கலாம்.

காஸ் எஞ்சினுக்குள் போவதற்கு இரண்டு முறைகள் உள்ளன. பழைய முறையில், காற்று போகும் வழியில் மிக்ஸர் எனப்படும் வளையம் ஒன்றைப் பொருத்தி, அதன் வழியே காஸை உறிஞ்ச விடுவார்கள். செலவு குறைவு. புதிய முறையில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி காஸ் இன்ஜெக்டர் உண்டு. கம்பியூட்டர் ஒன்று அளந்து கொடுக்கும். செலவு கூடுதல், ஆனால் ஓட்டம் சீரானது.

பெரிய கார்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது. 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்த பென்ஸ் 200 ஈ, 230 ஈ, 300 ஈ போன்றவற்றில் கே.ஈ. ஜெட்ரோனிக் என்ற முறை உள்ளது. காற்று வரும் வழியில் ஒரு தட்டு இருக்கும். அத்தட்டு எவ்வளவு உயர்கிறதோ அதற்கேற்பப் பெற்றோல் போகும். இந்தக் காரில் மிக்ஸர் பூட்டி, பிளக்கோ வயரோ பலவீனமாக இருந்தால், காற்று வழியிலே நிறைந்திருக்கும் காஸ் 'டப்' என்று பின்னால் வெடிக்கும். அந்த அடியில் தட்டு வளைந்துவிடலாம். பின்னர் பெற்றோலிலும் ஓடாது, காஸிலும் ஓடாது. அந்தப் பாகத்தைத் தேடிப் பஞ்சிகாவத்தையில் நாட்கணக்கில் அலைய வேண்டிவரும். அனுபவமுள்ளவர்கள் அழுத்தத்தை வெளியே விடும் ஒரு வால்வைக் காற்று வழியில் பொருத்துவார்கள். உங்கள் மெக்கானிக்கிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். அவர் விழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

2000ஆம் ஆண்டுக்குப் பின்னர் வந்த சொகுசுக் கார்கள் பலவற்றில் வேறொரு சிக்கல் உண்டு. அவற்றில் பெற்றோல் இன்ஜெக்டர் நேரடியாக எஞ்சின் சிலிண்டரின் உள்ளேயே தெளிக்கிறது. நெருப்புக்கு நடுவில் இருக்கும் அந்த இன்ஜெக்டரைக் குளிர வைப்பதே அதன் வழியாகப் போகும் பெற்றோல்தான். காஸுக்கு மாற்றிப் பெற்றோலை முற்றாக நிறுத்தினால் இன்ஜெக்டர் கருகிவிடும். எனவே காஸில் ஓடும்போதும் கொஞ்சம் பெற்றோல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இதற்கென்று தனி உபகரணம் உண்டு. விலையும் அதிகம், மிச்சமும் குறைவு.

"ஜப்பான் டக்சியும் க்ரவுண்தானே, காஸில் ஓடவில்லையா?" என்று சிலர் கேட்பார்கள். அந்த க்ரவுண் கம்ஃபர்ட் டக்சியின் எஞ்சின் காஸுக்கென்றே தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டது. பெயர் ஒன்று என்பதற்காக ரோயல் சலூனின் எஞ்சினும் அதே போன்றது என்று எண்ணக்கூடாது. காஸ் உலர்ந்த எரிபொருள். வால்வு அமரும் இடம் மென்மையான உலோகமாக இருந்தால் காலப்போக்கில் தேய்ந்துபோகும். சில ஜப்பானிய எஞ்சின்களில் இந்தப் பலவீனம் உண்டு. அதனால் வால்வு இடைவெளியைக் குறித்த காலத்தில் சரிபார்ப்பது அவசியம்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு லீற்றர் காஸில் உள்ள சக்தி ஒரு லீற்றர் பெற்றோலில் உள்ளதை விடக் குறைவு. அதனால் அதே தூரத்திற்கு 20 முதல் 30 சதவீதம் வரை கூடுதலான லீற்றர் காஸ் தேவைப்படும். 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு எளிய சூத்திரம் கிடைக்கிறது. காஸ் லீற்றரின் விலை பெற்றோல் லீற்றரின் விலையில் 80 சதவீதமாக இருந்தால் உங்களுக்கு ஒரு சதமும் மிச்சமில்லை. அதற்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவே இலாபம். காஸைக் கிலோவில் விற்றால் ஒரு கிலோ ஏறத்தாழ 1.85 லீற்றர் என்று மாற்றிக் கொள்ளுங்கள்.

அண்மையில் புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு ஹாஜியார் தனது பென்ஸ் 200 ஈ காருக்குக் காஸ் பூட்டும் யோசனையோடு என்னிடம் வந்தார்.

"பாஸ் சொல்றார், ஒரு வருசத்துல போட்ட காசு வந்துடுமாம். நீங்க என்ன சொல்றீங்க?"

"ஹாஜியார், மாசத்துக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுறீங்க?"

"கடைக்கு வேன்லதானே வாறேன். ஜும்ஆவுக்கும், கலியாண வீட்டுக்கும்தான் பென்ஸ் எடுக்கிறது. ஒரு 300 கிலோமீற்றர் வரும்."

இருவரும் ஒரு கடதாசியில் கணக்குப் போட்டோம். கணக்கின் வசதிக்காகப் பெற்றோல் லீற்றர் 300 ரூபா, காஸ் லீற்றர் 180 ரூபா, பூட்டும் செலவு இரண்டரை இலட்சம் ரூபா என்று வைத்தோம். நீங்கள் அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளலாம். வருடத்திற்கு 3,600 கிலோமீற்றர். லீற்றருக்கு 8 கிலோமீற்றர் என்றால் 450 லீற்றர் பெற்றோல், அதாவது 135,000 ரூபா. காஸில் அதுவே சுமார் 562 லீற்றர், ஏறத்தாழ 101,000 ரூபா. வருடத்திற்கு மிச்சம் 34,000 ரூபா அளவில். போட்ட பணம் திரும்பி வர ஏழு வருடங்களுக்கு மேல் செல்லும். ஹாஜியார் சிரித்துக்கொண்டே கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இந்தக் காசுக்கு நாலு டயரும் மாத்தி சேர்விஸும் செஞ்சிடலாமே" என்றார்.

இப்போது மற்றப் பக்கத்தைப் பாருங்கள். ஒருவர் தனது பெரிய காரை விமான நிலைய ஹயருக்கு விட்டு வருடத்திற்கு 30,000 கிலோமீற்றர் ஓடுகிறார். லீற்றருக்கு 6 கிலோமீற்றர். பெற்றோல் 5,000 லீற்றர், 15 இலட்சம் ரூபா. காஸ் 6,250 லீற்றர், 11 இலட்சத்து 25 ஆயிரம் ரூபா. மிச்சம் 3 இலட்சத்து 75 ஆயிரம். ஸ்டார்ட் செய்வதற்கான பெற்றோல், காஸ் ஃபில்டர், மேலதிக சேர்விஸ் எல்லாவற்றையும் கழித்தாலும் ஒரு வருடத்திற்குள் போட்ட பணம் வந்துவிடும். ஆனால் அதே காஸ் 220 ரூபாவுக்கு ஏறி, பெற்றோல் 300 ரூபாவிலேயே நின்றால் மிச்சம் 125,000 ரூபாவாகச் சுருங்கிவிடும். 240 ரூபா ஆனால் மிச்சமே இல்லை.

காரின் விலை, கௌரவம் இவற்றைப் பார்க்காமல் அது ஓடுகின்ற தூரத்தைப் பார்த்தே இந்தத் தீர்மானத்தை எடுக்க வேண்டும். சொகுசுக் கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் குறைவாகவே ஓடுகின்றனர். பெற்றோல் குடிக்கும் காருக்குத்தான் காஸ் தேவை என்று தோன்றினாலும், அது கராஜில் நிற்கும் காராக இருந்தால் தேவையில்லை.

விலை யார் கையில்?

காஸ் விலை நமது கையில் இல்லை. சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்தில் கிடைப்பது சொற்பம். பெரும்பகுதி இறக்குமதிதான். ஆசிய நாடுகளுக்கான விலைக்கு சவூதி அரம்கோ நிறுவனம் மாதந்தோறும் அறிவிக்கும் விலையே அடிப்படை. டொலர் ஏறினால் இரண்டு எரிபொருளும் சேர்ந்தே ஏறும். மற்ற நாடுகளில் காஸ் மலிவாக இருப்பதற்கு அந்தந்த அரசாங்கங்கள் அதற்கு வரியைக் குறைத்திருப்பதும் ஒரு பெரிய காரணம். ஹொங்கொங்கில் மானியத்தோடு நிற்காமல், காஸ் நிரப்பு நிலையங்களுக்கு நிலக் கட்டணம் இல்லாமல் இடமும் கொடுத்தார்கள். அத்தகைய ஏற்பாடு இல்லாத இடத்தில், நிரப்பு நிலையத்தைத் தேடிப் போகும் தூரத்தையும் செலவில் சேர்க்க வேண்டும். உங்கள் வீட்டிலிருந்தும் கடையிலிருந்தும் எத்தனை கிலோமீற்றரில் வாகனக் காஸ் கிடைக்கிறது என்று முதலில் பாருங்கள். மட்டக்களப்புக்கோ புத்தளத்துக்கோ அடிக்கடி போகிறவர் என்றால் வழியில் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்.

2022ஆம் ஆண்டை நாம் மறக்க முடியாது. அந்த ஜூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. பின்னர் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று விநியோகமே நின்றது. அப்போது "காஸ் காரை வைத்திருந்தால் தப்பியிருக்கலாமே" என்று பலர் பேசினர். ஆனால் அதே காலத்தில் சமையல் காஸுக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மக்கள் தெருவில் கிடந்தார்கள். இரண்டுமே டொலரில் வரும் பொருட்கள். டொலர் இல்லாத நாட்டில் ஒன்று மற்றதற்குக் காவல் ஆகாது.

வீட்டுச் சிலிண்டரைத் தொடாதீர்கள்

2022 ஏப்ரலில் 12.5 கிலோ சமையல் காஸ் 4,860 ரூபா ஆனது. லீற்றர் கணக்கில் அது 210 ரூபா அளவில்தான் வரும். பெற்றோல் 470 ரூபா ஆன நேரத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு வீட்டுச் சிலிண்டரை டிக்கியில் வைத்து ஓட்டும் ஆசை வந்திருக்கும். அந்த ஆசை உயிருக்கு ஆபத்தானது.

காரணத்தை விளங்கிக் கொள்ளுங்கள். வீட்டுச் சிலிண்டரில் மேற்பக்கத்திலிருந்து ஆவியாகத்தான் காஸ் வரும். கார்த் தாங்கியில் அடியிலிருந்து திரவமாக எடுக்கப்படும். வீட்டுச் சிலிண்டரைக் காரில் பயன்படுத்துபவர்கள் அதைச் சரித்தோ கவிழ்த்தோ வைக்கிறார்கள். கார்த் தாங்கியில் 80 சதவீதம் நிரம்பியதும் தானாக மூடிக்கொள்ளும் வால்வு இருக்கும். மீதி 20 சதவீதம் வெயிலில் திரவம் விரிவடைவதற்கான இடம். குழாய் அறுந்தால் காஸை நிறுத்தும் வால்வு, எஞ்சின் நின்றதும் மூடும் மின் வால்வு, நெருப்புப் பிடித்தால் அழுத்தத்தை வெளியே விடும் வால்வு என்பனவும் அதில் உள்ளன. வீட்டுச் சிலிண்டரில் காருக்கான இந்த ஏற்பாடுகள் கிடையாது.

அழுத்தத்தை வெளிவிடும் வால்வின் பெறுமதியை உலகம் விலை கொடுத்தே கற்றுக்கொண்டது. 1999 ஜனவரியில் பிரான்ஸில் லியோன் நகருக்கு அருகிலுள்ள வெனிசியூவில் தீ வைக்கப்பட்ட ஒரு காஸ் காரை அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர்கள், அதன் தாங்கி வெடித்ததில் படுகாயமடைந்தனர். அந்தத் தாங்கியில் அந்த வால்வு இருக்கவில்லை. அதன் பின்னரே அங்கு அது கட்டாயமாக்கப்பட்டது. இன்று ஆர் 67 என்ற சர்வதேச விதியின் கீழ் தயாரிக்கப்படும் தாங்கிகள் எல்லாவற்றிலும் அது உண்டு. தாங்கியில் ஒட்டியிருக்கும் தகட்டில் அந்த எண்ணையும் தயாரித்த ஆண்டையும் நீங்களே வாசித்துப் பாருங்கள். வேறு காரிலிருந்து கழற்றிய பழைய தாங்கி மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நமது நாட்டில் சமையலறைகளில் அடுத்தடுத்து நடந்த வெடிப்புகளும் நினைவிருக்கும். காஸ் கலவையின் விகிதம் மாறியதும் அதற்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டது. புரொப்பேன் கூடினால் அழுத்தம் கூடும். அடுப்புக்கே இப்படி என்றால், குலுங்கிக் கொண்டு ஓடும் காருக்கு எவ்வளவு கவனம் தேவை என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். காஸ் காற்றை விடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படிந்து நிற்கும். நிலத்தடி வாகனத் தரிப்பிடம், கராஜில் உள்ள குழி, மூடிய வீட்டுக் கராஜ் ஆகிய இடங்களில் அது தேங்கும். மணம் பட்டால் சுவிட்சைத் தொடாமல், காரை ஸ்டார்ட் செய்யாமல், கதவுகளைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள்.

பூட்டுவது என்று முடிவெடுத்தால்

கணக்கு உங்களுக்குச் சாதகமாக வந்தால் தயங்க வேண்டியதில்லை. முறையாகப் பூட்டிய காஸ் கார் வருடக்கணக்கில் பிரச்சினையின்றி ஓடும். எஞ்சின் ஒயிலும் துப்புரவாக இருக்கும். ஆனால் சில காரியங்களைச் செய்துகொள்ளுங்கள்.

முதலில் எஞ்சினைப் பெற்றோலில் சரியாக ஓட வையுங்கள். பெற்றோலில் இருமுகின்ற கார் காஸில் இன்னும் மோசமாக இருமும். பிளக், வயர், ரேடியேட்டர் மூன்றையும் புதுப்பித்த பின்னரே கை வைக்க விடுங்கள்.

மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்வது பற்றி வேலையைத் தொடங்கும் முன்பே விசாரியுங்கள். காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்து, எழுத்திலேயே பதிலைப் பெறுங்கள். பல இலட்சம் பெறுமதியான காருக்கு விபத்து நடந்த பின், "காஸ் பூட்டியதை எங்களுக்குச் சொல்லவில்லையே" என்ற ஒரு வரியில் உங்கள் கோரிக்கை தட்டுப்பட்டுப் போகலாம்.

பெற்றோல் தாங்கியை வெறுமையாக விடாதீர்கள். கால்வாசியாவது இருக்கட்டும். இல்லாவிட்டால் பெற்றோல் பம்ப் சூடேறிப் பழுதாகும். வாரத்தில் ஒரு நாளாவது சிறிது தூரம் பெற்றோலில் ஓட்டுங்கள். இன்ஜெக்டர் அடைபடாது.

தாங்கி டிக்கியில் இடம் பிடிக்கும். ஸ்பெயார் வீல் குழியில் வைக்கும் வட்டத் தாங்கி என்றால் ஸ்பெயார் வீலுக்கு வேறு இடம் தேட வேண்டும். குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது பெட்டிகளை எங்கே வைப்பது என்று வீட்டுக்காரியிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, விற்கும் நேரம். காஸ் பூட்டிய சொகுசுக் காரை வாங்குபவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார், விலையும் குறைத்துத்தான் கேட்பார். அந்த நட்டத்தையும் இன்றைய கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். விற்பதற்கு முன் தாங்கியைக் கழற்றி, ஓட்டைகளை அடைத்து, ஒன்றுமே நடக்காதது போல் விற்பவர்கள் இருக்கிறார்கள். காரில் காஸ் ஓடியதை வாங்குபவரிடம் சொல்லி, பூட்டிய ரசீதையும் சேர்விஸ் புத்தகத்தையும் கையில் கொடுத்து விற்பதே நேர்மையான வியாபாரம். அப்படிச் சொன்னால் இன்று சில ஆயிரங்கள் குறையலாம். ஆனால் நாளை அதே ஆள் உங்கள் கடைக்குச் சாமான் வாங்க வருவார்.